சலேத்தம்மாள் பின்னால் வந்த பாதை

நெடுமணலாறு கடலில் சேராமல் நின்றுபோன மூன்றாம் வருஷம், புரட்டாசி பிறந்து ஐந்தாம் நாள் காலையில், மீன் விற்கும் சலேத்தம்மாள் தன் ஓட்டத்தை முடித்து வீட்டுக்கு வந்து, செம்பில் தண்ணீர் மொண்டு பாதியைக் குடித்து மீதியைக் காலில் ஊற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, வாசலில் மஞ்சள் பாதை படுத்திருந்தது. அது ஆற்றுக்கு அக்கரையில், வனத்துறையின் இயற்கைப் பூங்காவில் இருக்க வேண்டிய பாதை. மூன்றடி அகலமும் ஐந்து கிலோமீட்டர் நீளமும் கொண்ட அது, ஓரத்து மஞ்சள் கற்களோடும் சவுக்குச் சருகோடும் தூரம் சொல்லும் பலகைகளோடும் அவள் பின்னாலேயே வந்துவிட்டிருந்தது. தலை அவள் வாசற்படியில் இருந்தது. வால், தேவதூதரான மிக்கேல் சம்மனசின் கோயிலுக்குப் பின்னே வலை உலர்த்தும் களத்தில் கிடந்தது. நடுவில் எங்கெங்கே வளைய வேண்டுமோ அங்கங்கே வளைந்து, ஒரு கோழிக்கூட்டைக்கூட நசுக்காமல், வந்த விருந்தாளி மாதிரி அடக்கமாகத்தான் கிடந்தது.

"இது எதுக்கு இங்க வந்துச்சு?" என்றாள் சலேத்தம்மாள்.

அவள் புருஷன் கஸ்பார் நூலும் ஊசியுமாக வலை பொத்திக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்கிப் பார்த்தான். "நீ கூட்டிட்டு வந்துட்டு எங்கிட்ட கேட்டா? ஒங்காலுக்குத் தண்ணி ஊத்துனல்லா, அதுக்கும் கொஞ்சம் ஊத்து. பாவம், அஞ்சு கிலோமீட்டர் வந்திருக்கு."

அவள் ஊற்றினாள். பாதை உறிஞ்சிக்கொண்டது.

ஏன் வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டு நனையாமலே ஊர்போய்ச் சேருகிறவர்கள் அவர்கள். உப்பங்கரை ஊரில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. பூங்காவில் ஓட வரும் பட்டணத்து ஜனங்கள் எல்லாரும் கால் கனத்துக்குச் சப்பாத்து போட்டிருந்தார்கள் என்பதும், வெறுங்காலோடு அந்தப் பாதையை மிதித்தவள் சலேத்தம்மாள் ஒருத்திதான் என்பதும், ஓடும்போதெல்லாம் அன்றைக்கு எந்த மீன் என்ன விலை, எந்த மருமகள் எந்த மாமியாரை என்ன சொன்னாள் என்று அதனோடு பேசிக்கொண்டே ஓடுவாள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நாலு வார்த்தை பேசினால் நாய் வராதா, பூனை வராதா, அதுபோல வந்தது என்று விட்டுவிட்டார்கள்.

அவள் ஓட ஆரம்பித்ததும் பெரிய கதையில்லை. நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். ஒரு மணி நேரம் சும்மா நடக்கப் பொறுமையில்லாமல் அரை மணியில் ஓடி முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவள் அவள். சேலைக்கு மேல் கஸ்பாரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, விடிவெள்ளி முளைக்கிற நேரத்தில் மணல்திட்டின் மேலாக அக்கரைக்குப் போவாள். பூங்காவின் பெரிய வாசல் திறப்பதற்கு முன்னால், வாசலே இல்லாத கடல்பக்கமாக உள்ளே நுழைந்து ஒரு சுற்று ஓடிவிட்டு, மீன் ஏலத்துக்கு வந்துவிடுவாள்.

மணல்திட்டின் மேலாகப் போவாள் என்று சொன்னேனே, அதுதான் ஊரின் துக்கம். ஆறு கடலில் விழுகிற முகத்துவாரம் அது. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைக்கும். புரட்டாசிக் கடைசியில் ஊரே மண்வெட்டியோடு போய் வெட்டிவிட, ஐப்பசி மழைத் தண்ணீர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் மூன்று வருஷமாக வெட்ட வெட்ட மூடிக்கொண்டது. வள்ளங்கள் எல்லாம் உள்ளே உப்பங்கழியில் மாட்டிக்கொண்டன. அதில் மீன் பிடித்தால் விரல் நீளம்தான் கிடைத்தது. பாலத்தைச் சுற்றினால் பதினெட்டு மைல் என்பதால் அரசாங்க ஜீப்கூட மணல்திட்டின் மேலேயே வந்து போய்ப் பழகிவிட்டது. மழை பெய்தால் போக வழியில்லாத ஆறு திரும்பி வந்து, பள்ளத்தில் இருந்த கீழத்தெருவின், சலேத்தம்மாள் வீடும் சேர்த்து, நாற்பத்தோரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, போன வருஷம் பதினோரு நாள் குடியிருந்துவிட்டுப் போனது.

இந்த வருஷம் ஒவ்வொரு கதவிலும் ஓர் அரசாங்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இன்னொரு தடவை தண்ணீர் புகுந்தால் கீழத்தெரு மொத்தத்தையும் இருபத்திரண்டு மைல் உள்ளே, கருங்கல்தேரியில் கட்டிய புதுக்குடியிருப்புக்கு மாற்றிவிடுவார்களாம். சலேத்தம்மாள் பஸ் ஏறிப் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். குழாய் இருந்தது, ஓடு பதித்த தரை இருந்தது, மின்விசிறி மாட்டக் கொக்கி இருந்தது. அவள் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறந்த நாள் முதல் கடல் இரைச்சல் இல்லாமல் ஒரு நாழிகை தூங்கியறியாதவள், அந்த ஊமை வீட்டுக்குள் நின்று பயந்துபோய், அன்றைக்கு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். அங்கே போனால் ஆறு மாசத்தில் செத்துப்போவேன் என்று கஸ்பாரிடம் சொன்னாள், அதை அவள் சும்மா சொல்லவில்லை.

இந்தக் கவலைக்கு நடுவில்தான் பாதை வந்து சேர்ந்தது. ஊருக்கு அது வந்த இரண்டாம் நாளே பழகிவிட்டது. அதில் கால் வைத்தவர்களுக்கு நடக்க வரவில்லை, ஓடத்தான் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் மணிக்கு முன்னால் போய் உட்கார்ந்து வாத்தியாருக்காகக் காத்திருந்தார்கள். கூடைக்காரிகள் எல்லாம் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். குழாயடிச் சண்டைக்காரிகள் இரண்டு பேர் தெரியாமல் பாதையில் நின்று சண்டை தொடங்க, ஓடிக்கொண்டே வைய வேண்டியதாகி, மூன்றாம் திருப்பத்தில் மூச்சு வாங்கிச் சமாதானமாகி, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்தார்கள். 'அமைதி காக்கவும், பறவைகள் முட்டையிடும் இடம்' என்ற பலகை ஊர்க்கமிட்டித் தலைவர் பர்னபாஸ் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டது. அவர் வாசலில் சத்தம் இல்லாமல் இருந்ததை ஊர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது.

சம்மனசு திருவிழாவில்தான் பெரிய கூத்து. சப்பரம் கோயிலை விட்டு இறங்கி மெல்ல ஆடி அசைந்து வந்து, வலைக்களத்து மூலையில் பாதைமேல் ஏறியதுதான் தாமதம், தூக்கி வந்த பதினாறு பேரும் ஓட்டம் பிடித்தார்கள். முன்னே போன கொட்டுக்காரர்கள் ஓட, பின்னே வந்த பாட்டுக்காரப் பெண்கள் ஓட, பங்குச்சாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, வாளும் தராசுமாக மிக்கேல் சம்மனசு தலைக்குமேல் குலுங்கிக் குலுங்கிப் பறந்து, ஒன்பது மணிக்குச் சுற்றி வர வேண்டியவர் எட்டே காலுக்கே கோயிலுக்குள் நுழைந்துவிட்டார். சம்மனசு என்றால் சிறகு இருக்கத்தானே செய்யும், இத்தனை வருஷமாய் நாம்தான் அவரை நடக்கவைத்தோம் என்று சொல்லிச் சாமியாரே சிரித்தார். அதற்குப் பிறகு பாதையைப் பற்றி யாரும் முறுமுறுக்கவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள் வனவர் வெயிலுமுத்து வந்தார். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் நல்ல மனுஷன். காக்கிச் சட்டையில் இரண்டு பேனா, கக்கத்தில் கோப்பு. வந்தவர் பாதைமேல் ஏறாமல் ஓரமாகவே நடந்து வந்து, சலேத்தம்மாளின் வாசலில் நின்றார்.

"யம்மா, பாதைய எடுத்துட்டு வந்துட்டீங்களாமே?"

"நான் எங்க சார் எடுத்தேன்? அதுவா வந்துச்சு."

"அதுவா வந்துச்சுன்னு எழுத எங்க படிவத்துல எடம் இல்லம்மா. காணாமப்போன மரம், காணாமப்போன வேலி, காணாமப்போன விலங்கு. இந்த மூணுதான் இருக்கு."

"அப்ப விலங்குன்னு எழுதிக்கிடுங்க. பின்னாலயே தான வருது?"

வெயிலுமுத்து பேனாவை எடுத்து அப்படியே எழுதினார். பிறகு கெஞ்சினார். பாதை இருந்த இடத்தில் வெறும் புல் கிடக்கிறது, ஓட வந்தவர்கள் புல்லில் நின்று முழிக்கிறார்கள், மேலே பதில் சொல்ல வேண்டும், தயவுசெய்து கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றார். சலேத்தம்மாளும் மறுக்கவில்லை. அவர் கண்முன்னாலேயே மணல்திட்டைத் தாண்டி ஓடினாள், பாதையும் பின்னாலேயே போய்ப் பழைய இடத்தில் படுத்தது. "இங்கயே கெட" என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு, தரையில் கால் படக்கூடாது என்று கஸ்பாரின் வள்ளத்தில் ஏறி உப்பங்கழி வழியாகவே திரும்பினாள். உப்பங்கரை மணலில் அவள் கால் பட்டதும் அக்கரையில் புழுதி கிளம்பியது. கஸ்பார் வள்ளத்தைக் கட்டி முடிப்பதற்குள் பாதை வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டாம் தடவையும் இதேதான் நடந்தது.

"ஒங்க வாய் 'இரு'ங்குது, மனசு 'வா'ங்குதும்மா," என்றார் வெயிலுமுத்து. "மனசாரச் சொன்னாத்தான் கேக்கும்போல."

"என் மனச நீங்க பாத்தீங்களோ?" என்று அவள் சீறினாள். உண்மையைச் சொன்னால்தானே அப்படிக் கோபம் வரும். அப்பன் பின்னால் நடந்து, அண்ணன் பின்னால் நடந்து, புருஷன் பின்னால் நடந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்னாலும் வாங்குகிறவர்கள் பின்னாலும் நடந்து தேய்ந்த கால் அது. தன் பின்னால் ஒன்று வருகிறது என்பதே அவளுக்கு வாழ்நாளில் புதுசு. வாசலில் பாதை படுத்திருக்கிற தைரியத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து மீன் நறுக்கினாள். அதை எப்படி மனசாரப் போகச் சொல்வாள்?

புரட்டாசி முடிய ஆறு நாள் இருக்கும்போது அவள் காலுக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. மணல்திட்டைத் தாண்டுகையில் ஓரிடத்தில் மட்டும் மண் ஜில்லென்று இருந்தது. உள்ளங்கால் புதைந்தது. மண்டை பிளக்கும் வெயிலிலும் அங்கே மட்டும் ஈரம் காயவில்லை. தண்ணீர் அடியில் கசிந்து கடலுக்குப் போகத் துடிக்கிற இடம் அது என்று சப்பாத்துக்காரர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கஸ்பாரைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கஸ்பார் குத்தவைத்து உட்கார்ந்து கையால் தோண்டினான். ஒரு முழத்தில் தண்ணீர் வந்தது. பிறகு எழுந்து நின்று, கடலில் தொழில் செய்கிறவனுக்குள்ள பழக்கத்தில் கரையை அடையாளம் பார்த்தான், பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏட்டி," என்றான், "நம்ம மூணு வருஷமா கிறுக்கனுவளா இருந்திருக்கோம்."

உப்பங்கரை வழக்கம் இது. முகத்துவாரத்தை எங்கே வெட்டுவது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. மணல்திட்டில் நடந்துகொண்டே போக வேண்டும். கோயில் கோபுரமும் அதற்கு முன்னே நிற்கும் ஒற்றைப் பனையும் ஒன்றை ஒன்று மறைக்கிற இடம் வந்ததும் மண்வெட்டியைப் போட வேண்டும். கடலடியில் மீன் அடையும் பாறையான பார் தேடுவதும் அப்படித்தான், கரையில் வாய் தேடுவதும் அப்படித்தான். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய கோயிலை இடித்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியதை வைத்துப் பெரிய கோபுரமாகக் கட்டினார்கள். அதைப் பழைய இடத்துக்கு நாற்பதடி தெற்கே தள்ளிக் கட்டினார்கள். கோபுரம் நகர்ந்தது, கூடவே வெட்டுகிற இடமும் நகர்ந்தது. கோபுரத்தையும் பனையையும் ஒழுங்காகப் பார்த்து, பக்தியோடு ஜெபம் சொல்லி, மூன்று வருஷமும் தப்பான இடத்திலேயே வெட்டியிருக்கிறார்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் கஸ்பார் இதைச் சொன்னதும் பர்னபாஸுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது. கோபுரத்து அடிக்கல்லில் இருப்பது அவர் பேர்.

"ஏ கஸ்பாரு, சம்மனசு கோபுரம் பொய் சொல்லுதுங்கியா?"

"கோபுரம் சொல்லல அண்ணாச்சி. நம்மதான் அத தள்ளி வச்சிட்டு, பழைய கேள்வியவே கேட்டுட்டு நிக்கோம்."

"ஒம் பொண்டாட்டிக்குக் காலு ஜில்லுன்னு இருந்துச்சுன்னு ஊரு வழக்கத்த மாத்த முடியுமாவே? சர்க்கரைக்காரிக்குக் காலு ஜில்லுன்னுதான் இருக்கும்!"

கூட்டம் சிரித்தது. மறுநாள் ஜேசிபியை வரவழைத்து, புதுக் கோபுரமும் பனையும் மறைக்கிற இடத்திலேயே இரண்டு நாள் தோண்டினார்கள். பத்தடி ஆழத்துக்குப் போனார்கள். மூன்றாம் நாள் காலையில் கடல் வந்து ஒரே மூச்சில் மூடிவிட்டுப் போனது, எச்சில் இலையை எடுத்துவிட்டு இடத்தை மெழுகினதுபோல. ஜேசிபிக்காரன் போய்விட்டான். அன்று சாயங்காலமே மேற்கே மலையில் இடி இறங்கியது.

ஐப்பசி பிறந்து மூன்றே நாளில் ஆறு வந்துவிட்டது. சிவப்பாக, வாழைக்கன்றுகளும் தென்னை மட்டைகளும் மிதக்க, வந்த வேகத்தில் மணல்திட்டில் முட்டி நின்றது. நின்றது ஏறியது. கீழத்தெருவில் முதல் படியை நனைத்தது, இரண்டாம் படியை நனைத்தது. வீட்டுக்கு ஒரே ஒரு படி மிச்சம் இருந்தபோது, நாளைக் காலை பத்து மணிக்கு லாரிகள் வரும், பாத்திரம் பண்டங்களைக் கட்டி வையுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். கீழத்தெருப் பெண்கள் பானையைக் கட்டிக்கொண்டே அழுதார்கள். சலேத்தம்மாள் ஒரு பானையையும் கட்டவில்லை.

விடிந்ததும் கஸ்பாரின் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். தண்ணீருக்குள்ளேயே பாதை அவள் காலை உரசியது.

"எங்கட்டி கெளம்பிட்ட?"

"ஓடத்தான். நீங்க வள்ளத்த அவுத்து, திட்டுக்கு இந்தப் பக்கம் தயாரா நில்லுங்க."

கஸ்பார் ஏன் என்று கேட்கவில்லை. அவனிடம் ஆயிரம் குறை உண்டு, ஆனால் கேட்கக்கூடாத நேரத்தில் கேட்கமாட்டான்.

மணல்திட்டில், மண் ஜில்லென்று இருக்கும் இடத்தில், கடல்பக்கத்து விளிம்பில் அவள் நின்றாள். அங்கிருந்து ஆற்றுவிளிம்புக்கு இருநூற்றைம்பது மீட்டர். ஓடினாள். பாதை பின்னால் வந்தது. ஆற்றைத் தொட்டுத் திரும்பி, வந்த தடத்துக்கு ஒட்டினாற்போலப் பக்கத்திலேயே கடலுக்கு ஓடினாள். பாதை மடங்கி, முதல் மடிப்புக்குப் பக்கத்தில் இரண்டாம் மடிப்பாகப் படுத்தது. கால் பட்டுக் கால் பட்டு அமுங்கின பாதை அது, சுற்றியுள்ள மண்ணைவிட ஒரு சாண் தாழ்ந்தது, எங்கே கிடந்தாலும் தன் பள்ளத்தோடுதான் கிடக்கும். மூன்றாம் மடிப்பு, நாலாம் மடிப்பு, ஐந்தாம் மடிப்பு என்று, பாய் முடைகிறவள் ஓலையை ஓலைக்குப் பக்கத்தில் வைப்பதுபோல அவள் போகவும் வரவுமாக இருந்தாள். ஐந்து கிலோமீட்டரை அப்படி மடித்தால் இருபது மடிப்பு, இருபது மடிப்பும் சேர்ந்தால் அறுபதடி அகலம். அவள் தினமும் ஓடுகிற தூரம்தான், இன்றைக்கு ஒரே இடத்தில் ஓடினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏழாம் மடிப்பில் ஊர் பார்த்துவிட்டது. சலேத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பிடிக்க ஓடிவந்தவர்கள் பாதையில் கால் வைத்தார்கள், அப்புறம் அவர்களும் ஓடினார்கள். கூடைக்காரிகள் ஓடினார்கள், சப்பரம் தூக்குகிற பதினாறு பேரும் ஓடினார்கள், குழாயடிச் சண்டைக்காரிகள் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள், பங்குச்சாமி அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வேட்டிக்கரை மண்ணில் புரள வந்த பர்னபாஸ், "நிறுத்துங்க! நிறுத்துங்கவே!" என்று கத்திக்கொண்டே கடலுக்கும் ஆற்றுக்குமாக நாலு தடவை போய்வந்தார். நானூறு ஜோடிக் கால் மிதித்த மிதியில் ஒரு சாண் இரண்டு சாணாயிற்று, இரண்டு சாண் ஒரு முழமாயிற்று. பதினைந்தாம் மடிப்பில் எல்லார் காலிலும் ஈரம் தட்டியது. பதினெட்டில் கணுக்கால் நனைந்தது. ஆறு தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தது.

"எல்லாரும் கரையேறுங்க!" என்று சலேத்தம்மாள் கத்தினாள். அவள் அப்படிக் கத்தி ஊர் அதுவரை கேட்டதில்லை, ஆகையால் கேட்டுக்கொண்டது. பர்னபாஸை இரண்டு பேர் பாதையிலிருந்து தூக்கி வைத்தார்கள்.

இருபதாம் மடிப்பை அவள் தனியாக ஓடினாள். கடலைப் பார்த்து ஓடினாள். பின்னால் பாதை வந்தது, பாதைக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. கடல்விளிம்பில் அலை முழங்காலைத் தொட்ட இடத்தில் நின்று திரும்பினாள். பாதையின் தலை அவள் காலடியில், அடுத்து எங்கே என்று கேட்கிற மாதிரி கிடந்தது. அவள் வீட்டுக்கு நடந்தால் அதுவும் எழுந்து வந்துவிடும், ஆறு பழையபடி முட்டிக்கொண்டு நிற்கும். அது அவளுக்குத் தெரியும். குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏ மக்கா," என்றாள், "எம்பின்னால வந்தது போதும். இனி ஆத்துக்கு முன்னால போ."

இந்த முறை வாயும் அதையே சொன்னது, மனசும் அதையே சொன்னது. வலித்தது, வலித்தாலும் சொன்னாள். பாதை ஒரு நடுக்கம் நடுங்கி, அவள் கால்விரலை விட்டு விலகி, அலைக்கு அடியில் கடலுக்குள் நேராக நீண்டது. அந்த நிமிஷம் ஆறு வந்தது.

இருபது மடிப்பும் நிரம்பி, கரை இரண்டு பக்கமும் பாளம் பாளமாகச் சரிய, மூன்று வருஷத்துச் சினத்தை ஒரே தடவையில் இறக்கிக்கொண்டு ஆறு வந்தது. அதன் முதுகில் ஏறி, மூன்று வருஷத்தில் வெளியே வந்த முதல் வள்ளமாக, கஸ்பார் வந்தான். துடுப்புப் போடவில்லை, எஞ்சினும் போடவில்லை, நின்றுகொண்டு வந்தான். அலையில் எழுந்தும் அமிழ்ந்தும் மிதந்த பெண்டாட்டியைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டான். "சட்ட கிழிஞ்சிருக்கும்," என்றாள் அவள் தண்ணீரைத் துப்பிக்கொண்டு. "கெடக்கு போ," என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். அவர்களுக்குப் பின்னால் உள்ளே கிடந்த வள்ளமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன, கரையில் குலவையும் கூச்சலும் கோயில் மணியும் சேர்ந்து எழும்பின.

கஸ்பார் வள்ளத்தைக் கடலோரமாகச் சுற்றி உப்பங்கரையில் ஒதுக்கியபோது ஊரே வந்து நின்றது. சலேத்தம்மாள் வலது காலை மணலில் வைத்தாள். எல்லாரும் முகத்துவாரத்தைப் பார்த்தார்கள். அவள் இடது காலையும் வைத்தாள். ஒன்றும் வரவில்லை. ஆறு போய்க்கொண்டே இருந்தது. ஜெயித்தவள் மணலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவள்போல விக்கி விக்கி அழுதாள். குழாயடிச் சண்டைக்காரிகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினார்கள்.

பர்னபாஸ் மட்டும் கோபுரத்தையும் பனையையும் முகத்துவாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமி, அப்போதுதான் தான் கண்டுபிடித்த மாதிரி, "நாப்பதடி," என்றார். "நான் அன்னைக்கே நெனச்சேன்." யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது ஊர்.

பத்து மணிக்குள் கீழத்தெருவில் தண்ணீர் படியை விட்டு இறங்கி, தெருவை விட்டு இறங்கி, ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாமலே கடலுக்குப் போய்விட்டது. பெண்கள் கட்டிய பானைகளை அவிழ்த்து உலை வைத்தார்கள். பத்து மணிக்குச் சொன்னபடி எட்டு லாரிகளும் ஒரு ஜீப்பும் அக்கரையில், மூன்று வருஷமாய் வந்து பழகிய அதே வழியில் வந்து, வழி இருந்த இடத்தில் அறுபதடிக்கு ஆறு ஓடுவதைப் பார்த்து வரிசையாக நின்றன. பூங்காவிலிருந்து இறங்கி வந்த வனவர் வெயிலுமுத்து தண்ணீரின் அடியில் மஞ்சள் கற்கள் மினுங்குவதைக் குனிந்து பார்த்தார். முகத்துவாரம்வரை பூங்காவின் எல்லைதானே என்று ஒருமுறை யோசித்துக்கொண்டார். கோப்பைத் திறந்து, காணாமற்போன விலங்கு தன் எல்லைக்குள் திரும்பிவிட்டது, நலமாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி விளிம்புக்கு வந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, இக்கரையில் உட்கார்ந்திருந்த சலேத்தம்மாளைப் பார்த்து ஏதோ கத்தினார். எப்படி வருவது என்று கேட்டாரோ, எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டாரோ, மூன்று தடவை கத்தினார். சலேத்தம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காதைக் காட்டிக் கையை விரித்தாள். அவர் சொன்னது ஒரு சொல்கூட இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. கடல் அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.